முத்திரை ஒட்டிய பெட்டி

அம்மிணி, அந்தப் பெட்டியக் கொஞ்சம் இக்கட்டால, என்ற பக்கம் திருப்புங்க. பயப்படாதீங்க, புடுங்கிக்கிட்டு ஓடற வயசா எனக்கு? மூலையில பச்சையா ஒரு வட்டம் ஒட்டியிருக்குது பாருங்க, அதைப் பாக்கத்தான். ஆங், அதேதான். அது நம்ம முத்திரைங்க. நம்மன்னா, என்றதுன்னே வெச்சுக்குங்க. வட்டத்துக்குள்ள கிறுக்கலா ஒரு கையெழுத்துத் தெரியுதா? நாச்சிமுத்து. நாந்தான்.

புள்ளைக்கா? காலேஜுக்கா? நல்லதுங்க. விடுதலை கம்ப்யூட்டர்ஸ்லதானே வாங்குனீங்க? கேக்கவே வேண்டாம், பையப் பாத்தாலே தெரியுது. நானும் அங்கிருந்துதான் வர்றேன். பெருந்துறையா? நான் ஈரோடு வரைக்கும். அவினாசியே இன்னும் தாண்டல, நெறைய நேரம் இருக்குது. அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல காதே கேக்க மாட்டேங்குது.

விக்கறப்ப என்ன சொன்னாங்க? 'முழுச் சுதந்திரம், நூத்துக்கு நூறு'ன்னாங்களா? சொல்லத்தான் செய்வாங்க. இப்ப எல்லாக் கடைக்காரனும் அதைத்தான் சொல்றான். கட்டற்ற மென்பொருள்னு ஒண்ணு இருக்குதுங்க. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு யாரு வேணாப் படிக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். மூடினது அப்பிடியில்ல. உள்ள என்ன இருக்குதுன்னு அதை எழுதுனவனுக்கும் அந்த ஆண்டவனுக்கும்தான் தெரியும். லேப்டாப் உங்களுது, ஆனா நீங்க வாசல்லயே நிக்கோணும். புரியுதுங்களா? அதனால ஜனங்க சுதந்திரம் வேணும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஜனங்க கேட்டா விக்கறவன் 'இருக்குது'ன்னுதானே சொல்லுவான்? உண்மையா இருக்குதா, இல்ல வாயால பந்தல் போடறானான்னு யாராச்சும் பாக்கோணுமில்ல. அதான் நம்ம வேலை. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப்ல முப்பது வருசம் குப்பை கொட்டிட்டு ரிட்டையர் ஆனவன், சும்மா உக்காந்து பேப்பர் படிக்கறதுக்கு இதாவது செய்யலாம்னு ஒரு குழு ஆரம்பிச்சேன். ஒரு பைசா வாங்கறதில்லீங்க. டீ குடுத்தாக் குடிப்பேன், அவ்வளவுதான்.

பாரபட்சம் கெடையாது. அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது என்னைய. ஆனா சொல்றாங்க. இப்ப ஊர்ல எல்லாரும் அதையும் சொல்றாங்க, அதுக்கு மேலயும் சொல்றாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னான்? வயிறு எரியுதுங்க எனக்கு. நீங்களே கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க.

போன வருசம் மார்கழி கழிஞ்ச சமயம். தேவசேனான்னு ஒரு வக்கீலம்மா வந்தாங்க. புருசன்கிட்ட அடி ஒதை வாங்கி வெளிய வந்த பொம்பளைங்களுக்கு ஒரு இல்லம் நடத்தறாங்க, சென்னிமலை ரோட்டுல. நல்ல அம்மா, ஆனா படபடன்னு பேசுவாங்க. அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல முன்னாடி ஒருக்கா எவனோ ஒரு புருசன்காரன் வெளியில இருந்தே பூந்து, பொண்டாட்டி எங்கிருக்கான்னு கண்டுபுடிச்சு, கேட்டு வரைக்கும் வந்துட்டானாம். அதுல இருந்து பயம். அதனால பழைய லேப்டாப்பைப் புதுப்பிச்சு விக்கறாங்கல்ல, அதுல கொஞ்சம் வாங்கலாம், சுதந்திர மென்பொருள் போட்டு வாங்கலாம்னு வந்திருக்காங்க.

"சார், எனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு விசயம் சொல்லுங்க போதும். வெளிய இருக்கற எவனும் இந்த மெஷின் மேல கை வைக்க முடியாது. அந்த மாதிரி மெஷின் எது, எங்க வாங்கலாம்?" அப்பிடின்னாங்க.

கூடவே ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. கோகிலவாணி. ஒடிசலா, முந்தானையத் திருகிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு ஒரு பொம்பளப் புள்ளை, யாழினி, ஒண்ணாப்பு. புருசன் மகுடேஸ்வரன், லாரி வெச்சிருக்கறவன். புள்ளை யாருகிட்ட இருக்கோணும்னு கேஸ் நடக்குது. அந்தாளு போன்ல மெரட்டுனதையெல்லாம் அந்தப் பொண்ணு ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்துச்சு. 'கோர்ட்டு என்னடி கோர்ட்டு, புள்ளைய ஒரு நாள் என்ற கையில குடுத்துப் பாரு, தூக்கிக்கிட்டுக் கண்காணாத எடத்துக்குப் போயிருவேன், சாகற வரைக்கும் தேடு'ன்னு. அது தெரிஞ்சு அவன் போனைப் புடுங்கித் தரையில அடிச்சு ஒடைச்சுட்டான். அதுக்குள்ள வக்கீலம்மா அதையெல்லாம் எடுத்துத் தன்னோட கணக்குல, இன்டர்நெட்ல, போட்டு வெச்சுட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இருக்கற ஒரே ஆதாரம் அதுதான்.

நான் உடனே சொன்னேன், "அம்மா, முதல்ல அதை அங்கிருந்து எடுங்க. இன்டர்நெட்ல வெக்கறதுன்னா அடுத்தவன் வீட்டுப் பரண்ல நம்ம நகைய வெக்கற மாதிரி. அந்தக் கம்பெனிக்காரன் தெறந்து பாக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" உண்மைதானுங்களே? கொள்கையா அதானே சரி? பென் டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வையுங்கன்னும் சொன்னேன். சொன்னனா? சொல்லியிருப்பேன். எல்லாருகிட்டயும் சொல்றதுதானே.

சரி, எந்தக் கடைன்னு பாக்கோணும். அப்ப ரெண்டே பேருதான் இந்த மாதிரி வித்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு இந்த விடுதலை. இன்னொண்ணு ஈரோட்டுல பவளக்கொடி கடை.

பவளக்கொடி என்ற ஸ்டூடண்டுங்க. எங்க குழுவுல முதல்ல இருந்து கூட இருந்தவ. நாக்கு மட்டும் அருவா. நறுக்குன்னு பேசுவா, யாரு எவருன்னு பாக்க மாட்டா. அப்பறம் தனியாக் கடை போட்டா. அவ ஒரு பழக்கம் வெச்சிருந்தா. விக்கற ஒவ்வொரு மெஷின் அடியிலயும் ஒரு அட்டை ஒட்டுவா. தன் கையாலயே எழுதி. மேல 'இதில் என் கைக்கு அடங்காதவை'ன்னு தலைப்பு. வைஃபை சில்லுக்குள்ள ஒரு மூடின புரோகிராம் இருக்குது, எடுக்க முடியல. மெஷின் முழிக்கறப்ப மொதல்ல ஓடறது ஒண்ணு மதர்போர்டுலயே இருக்குது, அதுவும் மூடினது. பழைய கம்பெனிக்காரன் வெச்ச பூட்டு ஒண்ணு இருந்தது, அவங்களுக்கு எழுதிக் கேட்டு எடுத்தாச்சு. இப்பிடி.

அது என்ன பூட்டுன்னா, பெரிய கம்பெனிங்க தங்க ஆளுங்களுக்குக் குடுக்கற லேப்டாப்புல, களவு போனா உபயோகப்படக் கூடாதுன்னு மதர்போர்டுலயே ஒண்ணு வெச்சிருப்பாங்க. அப்பறம் பழசாயிப் போச்சுன்னு மொத்தமாத் தள்ளி விடறப்ப அதை எடுக்க மறந்துருவாங்க. அதெல்லாம் நாங்க தேடற விசயமில்ல. நாங்க பாக்கறது ஹார்ட் டிஸ்க்குல என்ன சாஃப்ட்வேர் போட்டிருக்குதுங்கறது. அதுக்கு ஒரு புரோகிராம் இருக்குது, ஓட விட்டா மூடினது எத்தனைன்னு சொல்லிரும். மதர்போர்டுக்குள்ள எட்டிப் பாக்க நம்மகிட்ட ஏது வசதி? அதனால அதுக்கு விக்கறவங்களையே கேட்டு எழுதி வாங்கிக்குவோம். 'எங்க மெஷின்ல மூடினது இன்னின்னது இருக்குது'ன்னோ, 'எதுவும் இல்லை'ன்னோ உறுதிமொழி. இருக்குதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் மார்க் கொறையும். இது எங்க விதி. நான் போட்ட விதிதான், ஆனா எல்லாரும் கை தூக்கிப் பாஸ் பண்ணினது. பவளமும் தூக்கினா.

அவ அட்டைய எடுத்து வெச்சுக்கிட்டு மார்க் போட்டேன். வைஃபைக்கு ஒண்ணு போச்சு. முழிக்கற புரோகிராமுக்கு ஒண்ணு போச்சு. அப்பறம் பூட்டு. பூட்டு இருந்ததுன்னு அவளே எழுதியிருக்கா. அதுக்கும் போச்சு.

"சார், அதைத்தான் எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கேனே" அப்பிடின்னா.

"எடுத்தன்னு நீ சொல்ற. இருந்ததுன்னும் நீதான் சொல்ற. நான் எதைக் கணக்குல எடுத்துக்கறது?"

"அப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா மார்க் வந்திருக்குமா?"

"பவளம், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்குன்னு ஒரு விதி, ஊருக்குன்னு ஒரு விதி எழுத முடியுமா?"

அவளுக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "திருடன்கிட்டயே போயி 'நீ திருடினியாப்பா'ன்னு கேட்டு மார்க் போடறீங்க சார். ஒண்ணுமே இல்லன்னு எவன் சொல்றானோ அவனைப் பாத்துத்தான் நீங்க பயப்படணும். இந்த உலகத்துல அப்படி ஒரு லேப்டாப் இப்ப எங்க இருக்கு?"ன்னு கத்தறா. கடையில நாலு பேரு நிக்கறாங்க, அதைக்கூடப் பாக்கல. உள்ளதச் சொன்னா ஒடம்பெரிச்சல்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இன்னொருத்தனா இருந்தா, நம்ம ஸ்டூடண்டுதானேன்னு ரெண்டு மார்க் சேத்துப் போட்டிருப்பான். நான் போடலீங்க. அதான் நான்.

விடுதலைக்குப் போனேன். அருள்பிரகாஷ்னு மொதலாளி. ஏசி ரூம், டீ, முந்திரி பிஸ்கட். என்ன மரியாதைங்கறீங்க! எந்திரிச்சு நின்னு பேசறாரு. "எங்க மெஷின்ல மூடினது எதுவும் கெடையாதுங்க சார். நூத்துக்கு நூறு."

நான் விட்டனா? நான் யாரு? "மதர்போர்டுல?"

"அதுவும் சுத்தமுங்க சார்."

"வைஃபைல?"

"சுத்தமுங்க."

"பழைய கம்பெனி பூட்டு கீட்டு?"

"ஐயோ, நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாதுங்க சார்."

"எழுத்துல குடுங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே லெட்டர்பேடுல அடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடுத்துட்டாரு. எழுத்துல குடுத்துட்டாருங்க! ஒருத்தன் சீல் குத்திக் குடுத்ததுக்கு மேல நாம என்ன கேக்க முடியும்? நம்ம புரோகிராமையும் ஓட்டிப் பாத்தேன். ஹார்ட் டிஸ்க்குல மூடினது ஒண்ணுகூட இல்ல. முழு மார்க். இந்த முத்திரைய மொதமொதல்ல அவருக்குத்தான் குடுத்தோம். கடையில மாலையெல்லாம் போட்டு ஒரு போட்டோகூட எடுத்தாங்க. அதைப் பாத்திருப்பீங்களே, கல்லாப்பெட்டிக்கு மேல மாட்டியிருக்குது.

வக்கீலம்மா ரெண்டு கடைக்கும் போயிருக்காங்க. வந்து சொல்றாங்க, "சார், எனக்கு அந்த ஈரோட்டுப் பொண்ணு மெஷினைத்தான் பிடிச்சிருக்கு. என்ன குறைங்கறதை அதுவே எழுதி ஒட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அம்மா, நீங்க வக்கீலு. குத்தம் செஞ்சேன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டாக் கோர்ட்ல என்ன பண்ணுவாங்க? தண்டனைதானே குடுப்பாங்க? ஒத்துக்கிட்டானேன்னு மாலையா போடுவாங்க?" அப்பிடின்னேன். அந்தம்மா படிச்சவங்க, புரிஞ்சுக்கிட்டாங்க. விடுதலையிலயே வாங்கினாங்க. நானே போயி எல்லாத்தையும் தயார் பண்ணிக் குடுத்தேன். இன்டர்நெட்ல இருந்ததெல்லாம் எறக்கி, லேப்டாப்புல ஏத்தி, பழைய கணக்கை மூடச் சொல்லி, அழிச்சும் குடுத்தேன். நாள் பூராவும் வேலை. மத்தியானம் அங்கயே சாப்பாடு போட்டாங்க, அந்தக் கோகிலவாணிதான் பரிமாறிச்சு.

ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்க எதையாச்சும் போடுங்கன்னேன். அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி அந்த ரெக்கார்டைத்தான் போட்டுச்சு. மகுடேஸ்வரன் கொரலு. 'சாகற வரைக்கும் தேடு'ன்னு. புள்ளை வாசல்ல வெளையாடிக்கிட்டு இருந்தது, அப்பன் கொரலைக் கேட்டதும் ஓடி வந்து அம்மா சேலைக்குள்ள பூந்துக்கிச்சு. சத்தம் நல்லாத் தெளிவா இருந்துச்சுங்க. ஒலி சரின்னு டிக் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில கேஸ். வாய்தா மேல வாய்தா வாங்கி, இனி வாய்தா கெடையாதுன்னு சொன்ன நாளு. காலையில வக்கீலம்மாகிட்ட இருந்து போன். "சார், மெஷின் தெறக்க மாட்டேங்குது, ஓடியாங்க." அடிச்சுப் புடிச்சு ஓடினேன்.

நானும் போயி ஆன் பண்றேன். கறுப்புத் திரை. வெள்ளையா இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி. நாம போட்ட கட்டற்ற மென்பொருள், லினக்ஸ், அது வரைக்கும் போகவே இல்ல, அதுக்கு முன்னாடியே நிக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்றேன், பேட்டரியக் கழட்டி மாட்டறேன், எதுக்கும் அசையல. கோகிலவாணி பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "அதுல என்னங்க சார் எழுதியிருக்குது?" அப்பிடிங்குது.

"இந்தக் கணினியை இதன் உரிமையாளர் பூட்டியிருக்கிறார்"னு படிச்சுச் சொன்னேன்.

"உரிமையாளர்னா யாருங்க சார்? இதை நாங்கதானே வாங்குனோம்?"

நான் மறுபடியும் பேட்டரியக் கழட்டி மாட்டினேன்.

வக்கீலம்மா பவளத்துக்கும் போன் போட்டிருக்காங்க. அவ ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வந்தா. என்ற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. மெஷினைத் திருப்பிப் பாத்தா, தெறந்து பாத்தா. பழைய கம்பெனியோட பூட்டாம் அது. களவு போகலைங்கறதுக்கு அடையாளமா, நாளுக்கு ஒருக்கா அந்தக் கம்பெனிக்கு ஒரு சேதி போய்க்கிட்டே இருக்கோணுமாம். நின்னு போச்சுன்னா, கெடு முடிஞ்சதும் அதுவாப் பூட்டிக்குமாம். விண்டோஸ் இருந்த வரைக்கும் சேதி போயிருக்கும். சுத்தமா வழிச்சு எடுத்துட்டு லினக்ஸ் போட்டதும் நின்னு போச்சு. சுத்தம் பண்ணினதுதான் தப்பாப் போச்சு, எங்க போயிச் சொல்றது இதை! ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக் கழட்டி வேற மெஷின்ல போடலாம்னா, அது மதர்போர்டோட ஒட்டி வெச்சது. "அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டா எடுத்து விடுவாங்க. ஆனா ஒரு வாரம் பத்து நாள் ஆகும்"ன்னா. அப்பறம் அந்தப் பொண்ணோட கையப் புடிச்சுக்கிட்டு, "என்னை மன்னிச்சுரு அக்கா, இன்னைக்கு என்னால முடியாது"ன்னா. இவ எதுக்கு மன்னிப்புக் கேக்கறா? வித்தது இவளா? எல்லாம் என்னையக் குத்திக் காட்டறதுக்குத்தான், வேற என்ன?

அப்பத்தான் வக்கீலம்மா என்ற பக்கம் திரும்பினாங்க. "சார், நீங்க அந்த ரெக்கார்டைக் கேட்டிருக்கீங்க. உங்க காதால. ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க. இந்த மெஷின்ல இன்ன ரெக்கார்டு இருந்தது, நான் கேட்டேன், இப்ப மெஷின் பூட்டிக்கிச்சு, பத்து நாள்ல தெறந்துரலாம், அவ்வளவுதான். ஜட்ஜய்யா அதைப் பாத்தா, அது வரைக்குமாவது புள்ளைய அனுப்ப மாட்டாரு."

யோசிச்சுப் பாத்தேன் அம்மிணி. யோசிக்காம இல்ல. நான் மென்பொருளைச் சோதிக்கறவன். புருசன் பொண்டாட்டி வழக்குல எனக்கென்ன வேலை? அதுவும் போக, நம்ம முத்திரை ஒட்டின மெஷின் பூட்டிக்கிச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கோர்ட்ல குடுக்கறதா? அது பேப்பர்ல வந்துச்சுன்னா? எத்தனை வருசமாக் கட்டின பேரு? ஒரு கடைக்காரன் பண்ணின தப்புக்குக் கட்டற்ற மென்பொருளே லாயக்கில்லன்னு ஊரு பேசாதா? ஒருத்தருக்காகப் பாத்தா இயக்கமே கெட்டுப் போயிரும். அதனால, "அம்மா, மன்னிச்சுக்குங்க, குழுவைக் கூட்டிக் கலந்து பேசாம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லை. அது எங்க விதி"ன்னேன்.

கோகிலவாணி அழுகலீங்க. அழுதிருந்தாக்கூடத் தேவலை. என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பவளந்தான் கத்தினா, "போடுங்க சார், உங்க கால்ல வேணா விழறேன்"னு. அவ்வளவு திமிரு புடிச்ச புள்ளை, எங்கிட்ட அப்பிடிக் கேட்டு நான் பாத்ததே இல்ல. எனக்கும் ஒரு மாதிரித்தான் ஆச்சு. ஆனா மனசு எளகிட்டா அப்பறம் விதி எதுக்கு?

கோர்ட்ல ஆதாரம் கேட்டாங்க. இல்ல. அந்தாளு வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னானாம். பெத்த அப்பனுக்குப் புள்ளையப் பாக்க உரிமை இல்லீங்களான்னானாம். ஜட்ஜய்யா என்ன பண்ணுவாரு, கண்ணு முன்னாடி இருக்கறதைத்தானே பாப்பாரு? மே மாச லீவு பூராவும் புள்ளை அப்பன்கிட்ட இருக்கட்டும், பள்ளிக்கூடம் தெறக்கறப்பக் கொண்டு வந்து விடோணும்னு சொல்லிட்டாரு. புள்ளைய அவன் கையில குடுத்தாங்க. அது ஒரு கத்துக் கத்துச்சாம், கோர்ட் வராண்டாவே திரும்பிப் பாத்துச்சாம். நான் அங்க போகலீங்க. வக்கீலம்மா சொன்னதுதான்.

ஒரு வாரங்கழிச்சு மெஷின் தெறந்துருச்சு. பவளந்தான் அந்தக் கம்பெனிக்கு எழுதி, போன் மேல போன் போட்டுத் தெறக்க வெச்சா. ரெக்கார்டு பத்திரமா இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினாங்க. ஆனா அதுக்குள்ள மகுடேஸ்வரன் வீட்டுல பூட்டுத் தொங்குது. லாரியையும் வித்துப்போட்டுப் போயிட்டான்.

பள்ளிக்கூடம் தெறந்த அன்னிக்கு கோகிலவாணி புள்ளையோட பையத் தோள்ல மாட்டிக்கிட்டு இல்லத்துக் கேட்டுல நின்னுச்சாம், பொழுதெறங்கற வரைக்கும். போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் இருக்குது, தேடறோம்கறாங்க. வடக்க எங்கயோ பாத்ததாச் சொன்னாங்க, போயிப் பாத்தா அது வேற யாரோ. கார்த்திகை வந்துருச்சு. இன்னும் ஒரு தகவலும் இல்ல.

ஏன் அம்மிணி அப்பிடிப் பாக்கறீங்க? நீங்களும் அந்தக் கட்சியா? சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது? பூட்டை வெச்சவன் எவனோ ஒரு கம்பெனிக்காரன். இல்லன்னு பொய் எழுதிக் குடுத்தவரு அருள்பிரகாஷ். அவரும் பாவம், வேணும்னு பண்ணல, மொத்தமா வாங்கற எடத்துல அவரையும் ஏமாத்திட்டாங்களாம், கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னாரு. புள்ளையத் தூக்கிட்டுப் போனது பெத்த அப்பன். நடுவுல நான் என்ன பண்ணினேன்? எனக்கும் பேத்தி இருக்குதுங்க. தூக்கத்துல அந்தப் புள்ளை சேலைக்குள்ள பூந்தது வருது. இல்லன்னு சொல்லல. ஆனா வருத்தம் வேற, விதி வேற.

குழுவுல பாதிப்பேரு விலகிட்டாங்க. போகட்டும், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சிருந்தவங்க. மீதி இருக்கறவங்களோட உக்காந்து விதியத் திருத்தினேன். தப்புன்னா திருத்திக்கறவந்தான் நானு. உறுதிமொழியில புதுசா ஒரு கேள்வி சேத்திருக்கோம். 'பழைய கம்பெனியின் பூட்டு உள்ளதா? ஆம், இல்லை.' தனியாக் கையெழுத்து, தனியா சீல். இப்ப எட்டுக் கடைக்காரங்க நம்ம முத்திரை வாங்கறாங்க. ஒருத்தர்கூட 'ஆம்' போடலீங்க! அந்த அளவுக்குச் சுத்தம் ஆயிருச்சு தொழிலு. இன்னிக்கு அருள்பிரகாஷ்கிட்ட அதை வாங்கத்தான் போயிட்டு வர்றேன். அவரும் 'இல்லை'தான். அதனால உங்க மெஷினைப் பத்திக் கவலையே படாதீங்க. புள்ளைகிட்டச் சொல்லுங்க, வாத்தியாரே பாத்து முத்திரை ஒட்டினதுன்னு.

பவளம் கடையா? அட, அது எப்பவோ மூடியாச்சுங்க. நம்ம மார்க் வெளிய வந்ததும் காலேஜுக்காரங்க ஒவ்வொருத்தரா அவகிட்ட வாங்கறத நிறுத்திட்டாங்க. அவதான் அட்டைய நிறுத்த மாட்டேன்னுட்டாளே. நானே போயிச் சொன்னேன், "அந்த அட்டைய ஒட்டறத மட்டும் விட்டுரு, முத்திரைய இன்னைக்கே தர்றேன்"னு. "இருக்கறத இல்லன்னு எழுத என் கைக்கு வராது சார்"னுட்டா. இப்ப எங்கயோ சென்னையில வேலைக்குப் போறாளாம். புடிவாதக்காரி, என்ன பண்றது?

இந்தப் பையில என்னன்னா கேக்கறீங்க? லேப்டாப்புதான், என்றது. இல்லீங்க, இது விடுதலையில வாங்கினதில்ல. பவளம் கடைய மூடறப்பக் கடைசியா ஒண்ணு கெடந்துச்சு, அதை நான் வாங்கிக்கிட்டேன். அவளே எடுத்துக் குடுத்தா. அடியில பாருங்க, அட்டை. அவ கையெழுத்துத்தான். நம்ம சோதனையில தேறாத மெஷினுதான் இது, எனக்குத் தெரியாதா? ஆனா அம்மிணி, என்ற கடுதாசி, பென்சன் கணக்கு, பேத்தி போட்டோ எல்லாம் இதுலதான் இருக்குது. நாம உபயோகப்படுத்தறதுன்னா உள்ள என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியோணுமில்லீங்க?

அட, பெருந்துறை வந்துருச்சு. கண்டக்டர், ஒரு நிமிசம் நிறுத்துங்க, பொம்பளைங்க எறங்கறாங்க! பெட்டிய நேராப் புடிச்சுக்குங்க அம்மிணி. அங்க இல்ல, கொஞ்சம் தள்ளிப் புடிங்க, முத்திரை கசங்கிரும்.